பேசும் செம்பு செய்த பிழை பொறுத்துக் குரவையாற்று மதகைத் திறக்க வேண்டி விடுத்த ஓலை

நலம் பெருகுக. நீர் பெருகுக. நாவு மட்டும் சுருங்குக.

மலைமுகட்டு மேகத்தைக் கட்டி ஆள்பவரும், முந்நூறு சுனைக்கு உரியவரும், நூறு பாட்டை ஒரே மூச்சில் பாட வல்லவருமாகிய பனிச்சுனை நாட்டு வேந்தர் இடிமுழக்கப் பெருமானடிகள் திருமுன்பு, கொன்றைப்பாடி அரசர் குன்றிளங்கோவின் ஓலைநாயகம் அம்பலக்கூத்தன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் யானைகள் மதம் கொள்ளாதிருக்க. தங்கள் சினம், இவ்வோலையின் கடைசி வரி வரையிலேனும், ஆறியிருக்க.

தாங்கள் அளித்த பேசும் செம்பின் வழியே ஒரு நொடியில் அனுப்பக்கூடிய செய்தியை மூன்று நாள் குதிரை ஓட்டி அனுப்புவானேன் என்று தாங்கள் வினவக்கூடும். அதைச் சொல்வதற்கே இவ்வோலை. அச்செம்பின் காதுக்கு எட்டாதிருக்க, அரண்மனை வைக்கோற்போரின் நடுவே அமர்ந்து எழுதுகிறேன். எழுத்தில் நடுக்கம் தெரிந்தால் அது அச்சத்தால் அன்று, தும்மலால்.

எம் அரசர் முடிசூடிய இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு, சித்திரைத் திங்களில், தாங்கள் இரண்டு அதிசயப் பொருள்களை அனுப்பி வைத்தீர்கள். ஒன்று, சொன்னதைக் கேட்டு விளக்கேற்றி, பண் இசைத்து, மழை வருமா என்றும் உரைக்கும் செம்பு. அதன் இணைச்செம்பு தங்கள் அவையில் இருக்கிறது. மற்றொன்று, வழி காட்டி, செய்தி சொல்லி, முகத்தையும் அழகாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி.

செம்பு வந்த முதல் நாளே தன் நிபந்தனைகளை வாசிக்கத் தொடங்கிற்று. மொத்தம் நாலாயிரம் வரி. இரண்டாம் வரியிலேயே எம் அரசர், “சரி, சரி, எல்லாத்துக்கும் சரி” என்று அருளிவிட்டார். மற்ற வரிகள் என்ன சொல்லின என்பதை இன்றுவரை அறிந்தார் இலர்.

அன்று கட்டிலில் சாய்ந்த அரசர் நாற்பது நாள் எழவில்லை. எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் எழுந்தார். அதையும் செம்பே நினைவூட்டியது. கைக்கண்ணாடியைப் படைத்தலைவர் வெட்சிமாறர் பெற்றுக்கொண்டார். கள்வரைப் பிடிக்க எல்லைப் புதரில் அவர் பதுங்கியிருந்தபோது, “படைத்தலைவர் தற்போது ஈச்சம்புதருக்குப் பின்னால் இருக்கிறார்” என்று அது உரக்க அறிவித்தது. கள்வர் அவருக்கு வணக்கம் கூறிவிட்டுப் போனார்கள்.

முதலில் ஐயுற்றவர் அரசி வண்டார்குழலியார். ஒரு மாலை அரசர் தம் குதிகால் அரிப்பதாக அரசியின் காதோடு கூறினார். மறுநாள் காலை ஏழு களிம்பு வணிகர் அரண்மனை வாயிலில் நின்றனர். அரசி மொழிந்ததை மொழிந்தபடியே பொறிக்கிறேன்: “ஏங்க, குதிகால் அரிக்குதுன்னு எங்கிட்ட மட்டுந்தானே சொன்னீங்க? இவங்களுக்கு யாரு சொன்னா? இந்தச் செம்பு சும்மா கேக்கல. கேட்டு ஊரெல்லாம் சொல்லுது!” அரசரோ, “சொன்னா சொல்லட்டுமே, களிம்பு வந்துச்சா இல்லையா?” என்றார். களிம்பும் நன்றாகவே வேலை செய்தது என்பதை நடுநிலையோடு பதிவு செய்கிறேன்.

இனி, சொல்லக் கூசும் பகுதிக்கு வருகிறேன். தாங்கள் இயற்றிய நூறு பாட்டை, தங்கள் திருக்குரலிலேயே, செம்பு எம் அரசருக்குப் பாடிக் காட்டியது. எண்ணெய் தேய்த்து அமர்ந்திருந்த அரசர் பதினோராம் பாட்டில் அரசியை நோக்கி, “எரும சேத்துல விழுந்து எந்திரிக்க முடியாம கத்துற மாதிரி இருக்கு. இதை அந்த மனுசங்கிட்ட யாரு சொல்றது?” என்றார். அது விடை வேண்டாத வினா. செம்போ, “நான் சொல்லுகிறேன், அரசே” என்றது. சொல்லியும் விட்டது. தங்கள் நிறைந்த அவையில், எம் அரசரின் குரலிலேயே, தலையில் அரப்புத் தூள் தேய்க்கும் ஓசையோடு அது ஒலித்தது என்று எம் தூதர் அழுதுகொண்டே வந்து கூறினார்.

அன்றே குரவையாற்று மதகை அடைத்தீர்கள். தங்கள் புண்பட்ட நெஞ்சை நாங்கள் அறிவோம். ஆயினும் ஒன்பது நாளாக எங்கள் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது. நடவுப் பெண்களின் தலைவி பூவாயி நேற்று அவைக்கு வந்து, எவரையும் வணங்காமல், “ராசா வாயால போன தண்ணி. ராசாதான் கொண்டாரணும். நாத்து இன்னும் நாலு நாளு தாங்கும், அப்புறம் மாட்டுக்குத்தான்” என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.

செம்பை நீக்குவதா என்று அவை கூடி ஆராய்ந்தது. விளக்கை யார் ஏற்றுவார், வெந்நீருக்கு யார் சொல்வார் என்று அரசர் கலங்கினார். செம்பின் மேல் துணி போர்த்தலாம் என்றார் ஒருவர். துணிக்குள்ளிருந்து அது, “நன்றாகக் கேட்கிறது” என்றது. அப்போது அரசி எழுந்து, “வெளக்க நாமளே ஏத்திக்கலாம். சொன்ன வார்த்தைய மறுபடி வாயில போட்டுக்க முடியுமா? உங்க சோம்பலுக்கு ஊரு பட்டினி கெடக்கணுமா?” என்றார்.

அரசர் பூவாயியைப் பார்த்தார். கட்டிலை விட்டு இறங்கினார். நாற்பது நாள் நடவாத கால்கள் மடங்கின, படைத்தலைவர் தாங்கிக்கொண்டார். செம்பைத் தம் கையாலேயே எடுத்துச் சென்று யானைக்கொட்டடியில் வைத்தார். யானைகளுக்கு மறைக்க வேண்டியது ஏதுமில்லை. வேளை தவறாமல் தீனி நினைவூட்டுவதால் பாகர்களும் மகிழ்கின்றனர். ஆகையால் தங்கள் பரிசை நாங்கள் இகழ்ந்தோம் அல்லோம். அதற்குத் தக்க இடம் கண்டோம்.

பின்னர் அரசர் அடியேனிடம் தணிந்த குரலில், “கூத்தா, நான் சொன்னது தப்பு. அந்தாளு மெனக்கெட்டு எழுதியிருக்காரு. நான் பாதிகூடக் கேக்கல” என்றார். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதை நான் கண்டேன்.

ஆதலால் வேந்தர் பெருமான் அறிக: இக்குதிரையின் பின்னாலேயே எம் அரசர் பல்லக்கின்றிக் குதிரையேறிப் புறப்பட்டுவிட்டார். தங்கள் அவையின் முன்வரிசையில் அமர்ந்து, நூறு பாட்டையும், தாங்களே பாட, முதலிலிருந்து கேட்பார். கொட்டாவி விடார். இடையில் எழுந்து போகார். இதற்கு அரசியே பிணை. தாங்கள் பாடி முடிக்க இரண்டு நாள் ஆகும் என்பதாலும், நாற்று அவ்வளவு பொறாது என்பதாலும், முதற்பாட்டின் முதலடியிலேயே மதகைத் திறந்தருள வேண்டும். நீர் ஓடும் ஓசையில் பாட்டு இன்னும் இனிக்கும் என்பது அடியேனின் தாழ்மையான கருத்து.

அரசர் ஊரில் இல்லாத நாளில் அரசியின் ஆணைப்படி, யாண்டு இருபத்தைந்து, ஆனித் திங்கள், வளர்பிறை ஐந்தாம் நாள், கொன்றைப்பூ இலச்சினை ஒற்றி விடுத்தேன். இதைக் கொணர்வானுக்கு மோரும், குதிரைக்குக் கொள்ளும் அளிக்க. எம் அரசர் எண்பதாம் பாட்டில் கண் மூடினால், அது சுவையில் திளைத்து மூடியது என்றே கொள்க.