சிங்கத்தின் காதும் உன் நாலு முழமும்

மூலைவீட்டு மகாராஜாவே,

என் போர்டிகோ சிங்கத்தின் இடது காது இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. வெறும் சிமெண்டுக் காதுதான். ஆனாலும் அதற்குள்ளிருந்து உன் சிரிப்பு கேட்கிறது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அங்கே உட்கார்ந்தபடியே என்னைத் தோற்கடித்துவிட்டாய்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் மயன் கட்டியது போலிருக்கும். இந்தப் பக்கம் மயனின் மச்சான் கட்டியது போலிருக்கும். உன் கூடத்துத் தேக்குத் தூணை நாலு யானை கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த உன் சுண்ணாம்புச் சுவரில் முகம் பார்த்துத்தான் என் கல்யாணத்தன்று மீசை ஒதுக்கினேன். அந்தச் சுவருக்காகச் செங்கல்பட்டு வரைக்கும் கோழிகள் ராப்பகலாக உழைத்திருக்க வேண்டும். மழைகூட உன் முற்றத்தில் பெய்தால் மழை. என் வீட்டில் பெய்தால் ஒழுகல்.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் சென்னையிலிருந்து வேனில் வந்து நேராக உன் வீட்டுக்குள்தான் போவார்கள். ஒரு பெண் என் வீட்டைக் காட்டி, "அங்கிள், அது என்ன பில்டிங்?" என்று கேட்டாள். நீ கண்ணை இமைக்காமல் சொன்னாய்: "அது கல்யாண மண்டபம்மா. இன்னும் பர்மிஷன் வர்ல."

அன்று அவர்கள் சிரித்த சிரிப்புக்குப் பதிலாகத்தான் போர்டிகோ எழுப்பினேன். மேகம் வழிவிட்டிருந்தால் இன்னும் உயர்த்தியிருப்பேன். உச்சியில் இரண்டு சிங்கம். நீ தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாய்.

"இன்னாடா, ரெண்டும் சோறு கேக்குற மாரி பாக்குது?"

"சிங்கம்டா அது."

"அதுங்களுக்குத் தெரியுமா?"

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பெருமாள் புறப்பாடு. பல்லக்கு என் வாசலை எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி தாண்டிப் போய் உன் வாசலில் நிற்கும். தெருவிலேயே முதல் தேங்காய் உன்னுடையது, முதல் மாலை உனக்கு. காரணம் ஊருக்கே தெரியும். எப்போதோ பாலாறு பெருகி ஊரை அழித்தபோது, திருமுக்கூடல் பக்கமிருந்து வந்த சில குடும்பங்கள்தான் கயிறு பிடித்து அளந்து இந்தத் தெருவை உண்டாக்கின. எல்லோரும் கயிறு வரைக்கும் சுவர் வைத்தார்கள். உன் பூட்டனார் மட்டும், மூலையில் பல்லக்கு நின்று திரும்ப வேண்டுமே என்று நாலு முழம் உள்ளே தள்ளி வைத்தார். என் பூட்டனார் கயிற்றையே கொஞ்சம் நகர்த்தியவர் என்று பேச்சு. விட்டிருந்தால் தெருவைக் கூடத்தில் சேர்த்துக்கொண்டு, ஊருக்கு ஜன்னல் வழியாகப் பாதை விட்டிருப்பார்.

ஒவ்வொரு வருஷமும் கழுத்தில் மாலையோடு வந்து என் கையில் சுண்டலைத் திணிப்பாய். "இடம் வுட்டவன் வாசல்லதான்டா சாமி நிக்கும்." சுண்டலைத் தின்றுகொண்டே வெந்துபோவேன்.

இந்த வருஷம் உன் கதவில் பூட்டு. வெளிநாட்டிலிருக்கும் உன் மகனால் வர முடியவில்லை. கோயிலில் கூடிப் பேசினார்கள். "பூட்டிக்கெடக்குற வூட்டாண்ட தட்டு யாரு ஏந்துவா? பக்கத்து வூட்லயே நிக்கட்டும்." முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதுப் பட்டு வேட்டி வாங்கினேன். ஜில்லாவில் இருந்த சாமந்தி முழுக்க என் வாசலில் தொங்கியது. அக்கா மகள் வந்து, காஞ்சிபுரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி கோலம் போட்டாள்.

பல்லக்கு வந்தது. என் வாசலில் நின்றது. இறக்கி வைக்க இடமில்லை. இந்தப் பக்கம் என் போர்டிகோ தூண், அந்தப் பக்கம் எதிர்வீட்டுச் சுவர். பின்னால் வந்த கூட்டம் நெருக்கியதில் பெருமாளின் நெட்டைக் குடை சாய்ந்து சிங்கத்தின்மேல் இடித்தது. காது என் காலடியில் விழுந்தது.

பல்லக்குத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் மூச்சிரைக்கச் சொன்னார்: "அண்ணே, ஆளே நிக்க முடில, சாமிய எங்க எறக்குறது? வழக்கமான எடத்துக்கே போறோம்."

அக்கா மகள் என் காதோரம் கேட்டாள்: "இன்னா மாமா, பெருமாளுக்கே நோ பார்க்கிங்கா?"

பல்லக்கு உன் நாலு முழத்தில் போய், சொந்த வீட்டுக்கு வந்தது போல உட்கார்ந்தது. தட்டு ஏந்த ஆளில்லை. எல்லோரும் பூட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என் தேங்காயையும் என் பூவையும் எடுத்துக்கொண்டு நான்தான் போய் நின்றேன். பட்டர், "யார் பேருக்கு?" என்று கேட்டார். என் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் பேர் வந்தது.

பட்டர் கொடுத்த முதல் மாலையை உன் பூட்டில் போட்டேன். பூட்டுக்குக்கூட அது எடுப்பாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

இன்று காலை கொத்தனாரை வரவழைத்தேன். போர்டிகோ முதலில் போகிறது.

"எவ்ளோ உள்ள தள்ளணும் நைனா?"

"பக்கத்து வூட்ல எவ்ளோ வுட்டுக்கீறாங்க?"

"நாலு முழம்."

"நமக்கு அஞ்சு போடு."

"முன் ரூமே பூடும்."

"போவட்டும்."

அதற்கப்புறமும் பல்லக்கு உன் வாசலில்தான் நிற்கும். நிற்கட்டும். ஆனால் இடம் விட்டதில் நான் உன்னைவிட ஒரு முழம் பெரியவன். இதை அங்கே நாலு பேரிடம் சொல்லிவை.

சிங்கங்களைக் கொத்தனார் கொண்டுபோகட்டும். இந்தக் காதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எரிகிற வரைக்கும் நீ பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாய்.