நெளிந்த ட்ரே

இன்று காலை ஸ்டெரிலைசரைத் திறந்ததும் ஆவியோடு உன் எவர்சில்வர் ட்ரேதான் முதலில் கைக்கு வந்தது. மூலையில் நெளிவு அப்படியே இருக்கிறது. கொச்சி வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்து உயிரை விட்டு ஒரு மழைக்காலம் போய்விட்டது. இதைத் தூக்கிப் போடலாமா என்று புது நர்ஸ் கேட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

நான் டாக்டர், நீ நர்ஸ். சின்ன வயதிலிருந்தே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வளர்ந்தோம். கொச்சங்காடி மண்டபத்து இலவச சுன்னத்து முகாமில் உன் வேகம் யாருக்கு வரும்? அடுத்த மேசைக்காரருக்கு என்னை மரப்பு ஊசி போடவைத்துவிட்டு, அவருக்கு மரத்துவருவதற்குள் இந்த மேசையை முடிக்கவைப்பாய். ஆனால் மரத்துப்போகும் நேரத்தில் மட்டும் யாரும் கைவைக்க முடியாது. "ஊசிக்கும் கத்திக்கும் நடுவுல உள்ள நேரம் படுத்திருக்கிறவனோடதுடா" என்பாய்.

ஒரு முகாமில், விருந்தினர் வருவதற்குள் முடிக்கச் சொல்லி கமிட்டித் தலைவர் திரைக்குள்ளேயே வந்துவிட்டார். மேசையில் ஓட்டலில் புரோட்டா போடும் இளைஞன். முன்தோல் இறுகி அவதிப்பட்டுத் தானாகவே வந்தவன். நான் ஊசி போட்டதும் நீ ஃபோர்செப்ஸால் கிள்ளிப் பார்த்தாய். துடித்தான். பொறுக்க வேண்டும் என்றாய். தலைவர் இரண்டு ஆட்களை அவன் காலடிக்கு அனுப்பினார்.

"பிடிச்சு வெச்சோ. ஒரு நிமிஷம் மதி, போதும். டாக்டர், வெட்டுங்க."

அவன் அழத் தொடங்கினான். நான் வாய் திறப்பதற்குள் உன் ட்ரே தலைவரின் நெற்றியில் இறங்கிவிட்டது.

அவருடைய ஆட்கள் உன்னை வெளியே இழுத்துப்போய், பிளாஸ்டிக் நாற்காலி உடையும்வரை அடித்தார்கள். விலக்கப் போனதில் என் கண்ணாடி நொறுங்கியது. பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு நடுவே உன் ரத்தத்தைத் துடைத்தேன். முன்பல் போயிருந்தது, விலா எலும்பும் முறிந்திருந்தது. ஒவ்வொருவனையும் கொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. நீ ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைத் தள்ளினாய்.

"என்னை விடுடா. இப்ப அவனுக்கு மரத்திருக்கும். போய்க் கிள்ளிப் பாரு."

போனேன். கிள்ளினேன். அவன் அசையவில்லை. மாற்றுக் கண்ணாடியை மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு, பிறகுதான் வெட்டினேன். புண் சுத்தமாக ஆறியது.

இன்றும் அதே மண்டபத்தில் முகாம், புதுத் தலைவர். கிள்ளிப் பார்த்துவிட்டு, இன்னும் மரக்கவில்லை என்று காத்திருந்தேன். ஏன் தாமதம் என்று திரையை விலக்கியவர், ட்ரேயைப் பார்த்து அது எப்படி நெளிந்தது என்று கேட்டார்.

"முன்னாடி இருந்த தலைவர் அவசரப்பட்டார்" என்றேன்.

சாயா குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.