ஓரம் முற்றியது, நடு பிஞ்சு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. நானே பிரித்துப் பார்க்க வேண்டும்.

என் மனைவி கனகாவின் தொடைக் கட்டியில் ஊசி விட்டு எடுத்த சதைக்கு ரிப்போர்ட் வந்தது. எலும்புப் புற்றாக இருக்கலாம், உறுதி இல்லை. தொடைச் சதைக்குள் எலும்பாம்! ஆபரேஷன் டாக்டர் பேப்பரைப் பார்த்தபடியே, "காலையே எடுக்க வேண்டி வரலாம்" என்றார். மகன் சேகர் அழுதான். நான் அழவில்லை.

"அடி ஏதாவது பட்டுச்சாம்மா?" என்று கனகாவைக் கேட்டார் டாக்டர்.

கனகா என்னைப் பார்த்தாள். "இல்ல சார். தானா வந்துச்சு."

நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. மோட்டார் சரி. வாங்க: தக்காளி, கொசுவத்தி.

ஏன் பொய் சொன்னாள் என்று தெரியும். ஆனி மாதம் கேஸ் சிலிண்டர் அவள் தொடைமேல் சாய்ந்தது. சிலிண்டரை மாற்றக் கூப்பிட்டபோது "இதுக்கும் நான் வரணுமா" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னவன் நான். வீங்கியது. டாக்டர் வேண்டாம் என்றேன். தினமும் நல்லெண்ணெய் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி நீவினேன். கத்தினாள். கத்தினால்தான் ரத்தக்கட்டு கரையும் என்றேன்.

எனக்குக் காரணம் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட் வேலையில் வலது முழங்கையில் அடி. கம்பெனி டாக்டர் போட்ட கட்டால் கை இன்றுவரை நீளாது. நானே கட்டைப் பிரித்துத் தேய்த்ததால்தான் இவ்வளவாவது மடங்குகிறது. இதை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"புள்ளைக்குத் தெரிஞ்சா உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவான். வுடுயா. என் காலுதானே."

என் காலுதானே.

ஆகஸ்ட் 6, புதன்

யாரிடமும் சொல்லாமல் பட்டாபிராமிலிருந்து பஸ் ஏறி பூந்தமல்லி. சதையைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிய லேப். டாக்டர் சின்னப் பெண். முதலில் நிற்க வைத்தே பேசினாள். சிலிண்டர், எண்ணெய் எல்லாம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள்.

"இத முதல்லயே சொல்லியிருக்கணும் பெரியவரே."

மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். ஊதா, ரோஸ். ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொன்னது: அடிபட்ட சதையில் அபூர்வமாக எலும்பு வளரும். அது புற்றில்லை. ஓரம் முற்றிய எலும்பு, நடு பிஞ்சு. புற்றென்றால் பெரும்பாலும் நேர் எதிர். ஊசி நடுவிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறது. பிஞ்சு செல்கள் பார்க்கப் புற்று மாதிரியே இருக்கும். அடிபட்டது தெரியாததால் அவளும் பயந்திருக்கிறாள். ஸ்கேனில் ஓரத்தைப் பார்த்தால்தான் முடிவு.

கேஸ் ஹார்டனிங் பண்ணின இரும்பு மாதிரி, மேலே கெட்டி உள்ளே மெது என்றேன். "அப்படி வெச்சுக்கலாம்" என்றாள்.

"நீவினது?"

"அழுத்தித் தேய்க்கத் தேய்க்க இது பெருசாகும்." பிறகு என் கையைப் பார்த்தாள். "உங்க முழங்கை ஏன் நீள மாட்டேங்குது? அங்கயும் தேய்ச்சீங்களா?"

எழுந்து வந்துவிட்டேன். கம்பெனி டாக்டர்தான் காரணம். யார் சொன்னாலும் ஒப்ப மாட்டேன்.

பஸ்ஸில் முழங்கையை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே கல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஸ்கேன் படத்தில் கட்டியைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி வெள்ளைக் கோடு. லேப் டாக்டர் போனில் சொன்னாள்: புற்று இல்லை. காலை எடுக்க வேண்டாம். தானாக அடங்கும், மாதக்கணக்காகும். யாரும் தேய்க்கக் கூடாது.

சேகர் விஷயம் தெரிந்து நசரத்பேட்டையிலிருந்து வந்து குதித்தான். "கால வெட்டியிருப்பாங்க நைனா! வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"டேய், அவரு போயி சொன்னதாலதான் காலு கீது. கம்முனு இரு."

அவன் திட்டியது உறைக்கவில்லை. இவள் பரிந்து பேசியதுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். வடாம் காயப் போட்டது.

கனகா எண்ணெய்க் கிண்ணத்தோடு நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அந்தக் கால வுடு. இந்த முட்டி வலிக்குது. லேசா நீவேன்."

கை போகவில்லை.

"இன்னாயா, நீயும் டாக்டராயிட்டியா?"

விரலை எண்ணெயில் வைத்தேன். எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.