முகத்தில் விழும் வெளிச்சம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்கிப் பழக்கம். இம்முறை அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றில் கோபம் அதிகம், மற்றதில் கெஞ்சல் அதிகம். இதில் எது எவ்வளவு இருக்கிறதோ தெரியவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே நான் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவது உனக்கே தெரியும்.

நம் வாலுவின் தலைவலியைப் பற்றித்தான். உன் மகளுக்கு வருவது ஒற்றைத் தலைவலி என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். தினமும் ஒரு மாத்திரை கொடுக்கச் சொன்னார். வந்த வலிக்கு அல்ல, வலி வராமல் இருப்பதற்கு. அந்த மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. "நல்லாத்தானே சிரிச்சிட்டு இருக்கா? இவளுக்கா தினம் மாத்திரை? நான் வந்து பார்த்துக்கறேன், அதுவரைக்கும் வேண்டாம்" என்று நீ வீடியோவில் பார்த்தே முடிவு சொல்லிவிட்டாய். எப்போது வருவாய் என்று நீயும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மருமகள் உன் சொல்லைத் தாண்டுவதில்லை. நான் யார் சொல்லையும் தாண்டுவதில்லை.

உன் அத்தை இங்கே வந்திருக்கிறாள். வந்த அன்றே வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. குழந்தையின் நெற்றியில் தைலத்தை அப்புகிறாள். அந்த நெடிக்கே குழந்தை குமட்டிக்கொண்டு ஓடுகிறாள். கடுமையான வாசனை ஆகாது என்று டாக்டரம்மா கொடுத்த தாளைப் படித்துக் காட்டினேன். "அந்தத் தாள் வந்து தலையைப் பிடிச்சு விடுமாண்ணா?" என்று கேட்டாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "கணக்குப் பரீட்சைன்னா எனக்குந்தான் தலை வலிச்சுது. நம்ம அப்பா என்ன டாக்டர்கிட்டயா தூக்கிட்டு ஓடினாரு?" என்று குழந்தையின் காதுபடவே சொல்கிறாள்.

வகுப்பு ஆசிரியையும் அதே கட்சி. "விளையாட்டு நேரத்துல நல்லா ஓடறா சார், கணக்கு ஆரம்பிச்சதும் தலையைப் பிடிச்சுக்கறா" என்றார். "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெயிலில் ஓடியதால்தான் அடுத்த வகுப்பில் வலிக்கிறது என்ற பதில், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.

நீ வீடியோவில் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். "முகமே தெரியலப்பா, ஒரே இருட்டு" என்று நீ குறைப்பட்டாய் அல்லவா? பள்ளியில் ஒளியியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? ஒரு மேசை விளக்கு வாங்கி, நிழல் விழாமல் சாய்த்து, எதிரே வெள்ளை அட்டையை நிறுத்தி, குழந்தையின் முகத்தில் வெளிச்சம் சீராக விழும்படி செய்தேன். நீகூட "சூப்பர்ப்பா" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு அந்த விளக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உனக்குத் தெரிந்தது அவள் முகம். எனக்குத் தெரிந்தது மேசைக்குக் கீழே இருந்த கை. விரல்கள் வெளுத்துப்போகும்படி நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். உனக்குப் பாடிக் காட்டினாள், நாக்கைத் துருத்தினாள், டாட்டா சொன்னாள். நீ வைத்ததும் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். காலையிலிருந்தே வலியாம். ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போன் பார்க்கக் கூடாதும்பீங்க. அப்பா ஞாயித்துக்கிழமை மட்டுந்தானே வர்றாரு" என்றாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள்.

வலி நாளில் திரை கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான். அவள் கண்ணில் விளக்கைப் பாய்ச்சியவனும் நான். படித்த படிப்பு இதற்குத்தான் பயன்பட்டது. உன் அத்தை மேலும் ஆசிரியை மேலும் எரிச்சல் வருகிறது; என் மேல் அதைவிட அதிகம். ஆனால் நீயும் ஒன்று யோசி. எந்தச் சிரிப்பை வைத்து அவளுக்கு ஒன்றுமில்லை என்கிறாயோ, அது உனக்காக அவள் வலியோடு சிரித்த சிரிப்பு.

சொல்லமாட்டேன் என்று அவளிடம் தலையாட்டிவிட்டேன். எழுதுவது சொல்வதாகாது என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டு எழுதுகிறேன்.

இன்றிலிருந்து மாத்திரையை நானே கொடுக்கப்போகிறேன். மருமகளிடம் சொல்லிவிட்டேன். "அவரைக் கேட்க வேண்டாமா மாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. மருமகளை ஒரு வார்த்தை கேட்காதே.

விளக்கைப் பரணில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறு, வீடியோ வேண்டாம், குரலில் மட்டும் கூப்பிடு. போனைக் கவிழ்த்துக் குழந்தையின் தலையணையில் வைக்கிறேன். இன்றைக்கு வலிக்கிறதா என்று முதலில் கேள். வலிக்கிறது என்று சொன்னால், "சரி, தூங்குடா" என்று வைத்துவிடாதே. அவள் பேசாவிட்டாலும், நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இரு.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். எங்கே வலித்தாலும் எங்களிடம் மறைக்காதேப்பா.

அன்புடன்,
அப்பா