அது இருமல் இல்லை

ஸ்டெல்லா அப்பாவுக்கு,

வெறும் வயிற்றில் சர்க்கரை டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் புத்தூர் போகிறேன். இட்லி மூடி வைத்திருக்கிறது. கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ஷரீபாவிடம் கொடுங்கள்.

நேற்று ஜெபமாலையில் நான் பாதியில் நின்றதும், "கவனம் எங்க இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். இருமல் என்றேன். அது இருமல் இல்லை. சிறுவயதிலிருந்து சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தில் அடுத்த வரி வரவில்லை. சர்க்கரை மூளையையும் தொடலாம் என்று டாக்டர் போன மாதமே சொன்னார். உங்களிடம் மறைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

இன்று சாயங்காலம் ஜெபமாலை நம் வீட்டில். மந்திரத்தின் முன்பாதியை நீங்கள் சொல்லுங்கள். பின்பாதியை எல்லாரோடும் சேர்ந்து சொன்னால் எனக்கு வந்துவிடுகிறது.

லூர்துராணி

பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள். வீட்டுக்கு வழி தெரியும். இருந்தாலும் வந்து நில்லுங்கள்.