கறுக்காத வெள்ளிப் பாலாடை

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

நீங்கள் போய் மூன்று ஐப்பசி ஆகிறது. உங்கள் சாவைப் பற்றி முந்தாநாள்தான் நான் உண்மை பேசினேன். இனி யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

அரிசிக்கு இருந்த ரேஷன் கண்ட்ரோலை எடுத்த வருஷம் அது. மாமல்லபுரம் சவுக்குத் தோப்பில் அடுப்புக்கு மிலாறு பொறுக்கப் போனவள், வெள்ளை வெளேரென்று முளைத்திருந்த காளானை மடி நிறையப் பிடுங்கி வந்தேன். புற்றில் வருவதை மட்டும்தான் நம் வீட்டில் சமைப்போம். இது தோப்பில் முளைத்ததாச்சே என்று தயங்கினீர்கள். நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, உங்கள் பாப்பாவுக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையைக் கொதிக்கிற குழம்பில் போட்டேன். விஷமிருந்தால் வெள்ளி கறுத்துவிடும் என்று நம் தெருவே நம்புகிறதே. போட்டது போட்டபடி பளிச்சென்று வந்தது. நீங்களும் சிரித்துக்கொண்டு தட்டை நீட்டினீர்கள்.

அன்று எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். காரமென்று பாப்பாவுக்குக் கொடுக்கவில்லை. அண்ணன் செங்கல்பட்டில் வேலையிலிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். அத்தனையும் நீங்கள் ஒருத்தியாகச் சாப்பிட்டீர்கள். ருசி எப்படி, ருசி எப்படி என்று நான் நச்சரித்தேனே, ஞாபகமிருக்கிறதா?

விடிவதற்குள் வாந்தியும் பேதியும். அண்ணனிடம் காளானைச் சொல்லிவிடாதீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நீங்களும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெளிந்து கஞ்சி குடித்தீர்கள். பிழைத்தோமடி என்றிருந்தது எனக்கு. செவ்வாய்க்கிழமை கண்ணெல்லாம் மஞ்சள். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உங்களுக்கு நினைவில்லை. என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் அண்ணன். ரசஞ்சோறு என்றேன், பாவி. உள்ளதைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? ஊர் காமாலை என்றது, நானும் தலையாட்டினேன்.

முந்தாநாள் மழை விட்டதும் பக்கத்து வீட்டு ருக்மணி முறத்தில் காளானோடு வந்தாள்.

"உங்க வூட்ல வெள்ளிப் பாலாடை கீதே, குடேன். கொழம்புல போட்டுப் பாத்துட்டுத் தரேன்."

தரமாட்டேன் என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன், ஒரு பாலாடைக்கு இவ்வளவு ரோதனையா, எடுத்துக் கொடு என்றார்.

"அது கறுக்கலன்னுதான் அண்ணிக்குப் போட்டேன்," என்றேன். "காமாலை இல்லண்ணா. நான் ஆக்கின காளான்."

ருக்மணி போய் முறத்தைக் கொல்லைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். அண்ணன் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அன்றிலிருந்து பாப்பாவுக்கு நான் பிசைந்து வைக்கும் சோற்றில் முதல் வாயை அவர் எடுத்துத் தின்கிறார். சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறார். பிறகுதான் தட்டைக் குழந்தை பக்கம் நகர்த்துகிறார். நீங்கள் இருந்தால் எனக்காக அவரிடம் சண்டைக்குப் போவீர்கள். வேண்டாம் அண்ணி, அவர் செய்யட்டும்.

தெரியாத காளானின் விஷத்தை வெள்ளியும் காட்டாது, மஞ்சள்தூளும் காட்டாது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. இனி ஒவ்வொரு மழைக்கும் வீடு வீடாகப் போய் இதைச் சொல்வேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்வேன். ஆக்கிப் போட்டவள் நான் என்பதையும் சொல்வேன். பாப்பா மேல் ஆணை.

நீங்கள் கடைசிவரை காட்டிக்கொடுக்காத நாத்தனார்,
செல்லம்