நீ வாய் மூடிய காரணம்

என் செல்லத் தம்பி ராசுவுக்கு,

நீ வாயை மூடிக்கொண்டதைத்தான் நான் முதலில் கவனித்தேன். உப்புப் போட்ட கஞ்சி என்றால் ஊட்டும் சங்கைக் கண்டதுமே வாயைத் திறப்பாய். சீனி போட்டது என்றால் உதடு இறுகிவிடும். எனக்கு அது தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

தாய்ப்பால் மட்டும் குடித்தவரை நீ கொழுகொழுவென்றுதான் இருந்தாய். ஆறாம் மாதம் அரியக்குடிப் பெருமாள் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினோம். வீடு வருவதற்குள் வாந்தி. உடம்பு குளிர்ந்து, வேர்த்து, என் தோளில் துவண்டாய். தெம்பு வரட்டும் என்று சீனித்தண்ணீர் கொடுத்தோம். வாந்தி எடுக்கும்போதெல்லாம் அதையேதான் கொடுத்தோம். ரேஷன் சீனியில் காப்பிக்குக்கூட எடுக்காமல் உனக்கென்று ஒதுக்கினோம். உன்னைப் பார்த்துக்கொள்ள நான் ஏழாம் வகுப்போடு நின்றேன்.

கைகால் மெலிந்தது, வயிறு மட்டும் பெருத்தது. பிறகு கண் மஞ்சளானது. காமாலைக்குக் கரும்புச்சாறு நல்லது என்றார்கள். நீ வாயைத் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்து ஊற்றியது நான்தான். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. அன்று இரவே நீ போய்விட்டாய்.

என் மேல் கோபமா, ராசு?

உனக்கு ஒரு தங்கச்சி பிறந்திருக்கிறாள். அவள் வயிற்றில் இருந்தபோது மதுரையில் ஒரு குழந்தை டாக்டரைப் பார்த்தோம். அம்மாவும் அப்பாவும் சொந்தமா என்று முதலில் கேட்டார். மாமன் மகள் என்றார் அப்பா. நீ என்ன சாப்பிட்டாய், எப்போது வாந்தி எடுத்தாய் என்று அடுத்துக் கேட்டார். அம்மாவுக்கு அழுகைதான் வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சோறு ஊட்டுனா சிரிப்பான். இனிப்பு வச்சா வாயை மூடிக்கிருவான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது பிடிவாதம் இல்லம்மா. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

சில பிள்ளைகளின் ஈரலுக்குச் சீனியும் வெல்லமும் தேனும் பழமும் விஷமாம். தாய் தகப்பன் நன்றாக இருந்தாலும், இரண்டு பேர் வழியாகவும் சேர்ந்து வருமாம். அடுத்த பிள்ளைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தான் பார்த்துச் சொல்லும்வரை இனிப்பு நாக்கில் படக்கூடாது என்றார்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போக வேண்டும். அதற்குள் இன்று காலை, அப்பாவின் அக்கா திருப்பத்தூரிலிருந்து சர்க்கரைப் பொங்கல் தூக்குச்சட்டியோடு வந்துவிட்டார், ஆறு மாதமான தங்கச்சிக்குச் சோறூட்ட.

"வேணாம் மதினி, டாக்டரு சொல்லியிருக்காக" என்றாள் அம்மா.

"சாமிக்குப் படைச்சது எந்தப் பிள்ளைக்கு ஆகாமப் போச்சு?"

அப்பா அக்காவை எதிர்த்துப் பேசியதே இல்லை. "டாக்டரு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பள்ளிக்கூடத்த விட்டவ டாக்டருக்குப் படிச்சுட்டாளோ?" என்றார் அத்தை.

தங்கச்சி என் மடியில்தான் இருந்தாள். அத்தையின் விரல் நுனியில் பொங்கல், நெய் வழிய. அவள் உன்னைப் போல் வாயை மூடவில்லை. அவளுக்கு இன்னும் தெரியாது. ஆவென்று திறந்தாள்.

உனக்குச் செய்ததை அவளுக்குச் செய்யவும் மாட்டேன், செய்ய விடவும் மாட்டேன், ராசு. இது சத்தியம்.

நான் குனிந்து, அத்தையின் விரலிலிருந்த பொங்கலை என் வாயில் வாங்கிக்கொண்டேன்.

உன்னைச் சுமந்த
அக்கா